முடியாது என்றாவது சொல்லுங்கள்: ஆள் எடுக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வேலைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

நான்காவது ரவுண்டு முடிந்ததும் "அடுத்த வாரத்துக்குள்ள சொல்லிடுறோம்" என்று என்னிடம் சொல்லப்பட்டது. அது சொல்லி 53 நாள் ஆகிறது. நேற்றுக் காலை அதே வேலைக்கான விளம்பரம் மறுபடியும் என் கண்ணில் பட்டது. அதே பதவி, அதே பொறுப்புகள், அதே எழுத்துப்பிழைகூட. ஒன்றே ஒன்றுதான் மாறியிருந்தது. "புதியவர்களும் விண்ணப்பிக்கலாம்" என்றிருந்த வரி போய், "குறைந்தது 2 ஆண்டு அனுபவம்" என்று வந்திருந்தது. எனக்கு வர வேண்டிய பதில் அப்படித்தான் என் கைக்கு வந்து சேர்ந்தது. அதை எனக்கு யாரும் அனுப்பவில்லை, நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரு நிறுவனம் மட்டும் செய்திருந்தால் அவர்களுக்குத் தனியாக எழுதிவிட்டுப் போயிருப்பேன். 14 மாதமாக ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். எங்கே விண்ணப்பித்தேன், எந்தத் தேதி, யார் பேசினார், என்ன சொன்னார், முடிவு என்ன என்று ஐந்து பத்தி. இதுவரை 212 வரிசைகள். 17 இடங்களில் இன்டர்வியூவரை போனேன். அந்தப் பதினேழில் ஐந்து பேர் "இல்லை" என்று எழுதினார்கள். மீதிப் பன்னிரண்டு வரிசைகளிலும் கடைசிப் பத்தி காலியாக இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு காலிக் கட்டங்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

வேலை கிடைக்கவில்லை என்பதற்காக நான் உங்கள் மேல் கோபப்படவில்லை. ஓர் இடத்துக்கு முந்நூறு பேர் போட்டியிட்டால் 299 பேர் வெளியேதான் நிற்க வேண்டும், அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். நான் படித்ததே புள்ளியியல். மறுத்ததைப் பற்றி எனக்குக் குறையில்லை. மறுக்கவும் இல்லாமல் ஏற்கவும் இல்லாமல் வாசலிலேயே நிறுத்தி வைத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு நீங்கள் உள்ளே போய்விடுவதுதான் எனக்கு ஆறவில்லை.

இந்த 53 நாள் எப்படிப் போனது என்று சொல்கிறேன். உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அது ஒரு கோப்பில் "நிலுவை" என்ற ஒரு சொல்லாக மட்டும் இருக்கும்.

முதல் வாரம் நன்றாகவே இருந்தது. "சொல்லிடுறோம்" என்று சொன்னவரின் குரலில் ஒரு சிநேகம் இருந்தது. எப்போது சேர முடியும் என்று கேட்டார், சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார். வேண்டாதவளிடம் இதையெல்லாம் ஏன் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து என் போன் அடித்தால் அம்மா டிவி சத்தத்தைக் குறைக்கிறார். நான் பேசி முடித்ததும் யார் என்று கேட்பதில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சத்தத்தைப் பழையபடி கூட்டிவிடுகிறார். ஒரு நாளைக்கு மூன்று முறையாவது இது நடக்கும். கடன் வேண்டுமா என்று கேட்கும் அழைப்புக்கும், தப்பான நம்பருக்கும்கூட அந்த டிவி தணிகிறது.

பத்தாம் நாள் ஒரு மெயில் போட்டேன். "நினைவூட்டலுக்கு மன்னிக்கவும்" என்று ஆரம்பித்தேன். ஏன் மன்னிப்புக் கேட்டேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. நாள் குறித்தது அவர்கள், தவறியதும் அவர்கள். பதில் வரவில்லை.

பத்தொன்பதாம் நாள்தான் முக்கியம். ஒரு சின்ன அலுவலகத்தில் நான்கு மாத ஒப்பந்த வேலை ஒன்று வந்தது. பெரிய சம்பளம் இல்லை. ஆனால் நான் படித்ததற்குப் பொருந்திய வேலை. இரண்டு நாளில் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள், அந்த இரண்டு நாளையும் நேர்மையாகக் கொடுத்தார்கள். நான் முதல் நிறுவனத்துக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். எடுத்தவர் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை என் நோட்டில் இருக்கிறது: "நீங்க கிட்டத்தட்ட கன்ஃபார்ம் மாதிரிதான்மா. பேப்பர் வேலைதான் பாக்கி. அவசரப்பட்டு எதுலயும் சேர்ந்துடாதீங்க."

நான் சேரவில்லை. அந்த ஒப்பந்த வேலை வேறொருவருக்குப் போனது. அவர் இப்போது அங்கே இரண்டாம் சம்பளம் வாங்கப்போகும் நேரம். அந்தப் போனை எடுத்தவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. என்னைச் சமாதானப்படுத்த ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் நான்கு மாத வருமானத்தைக் கொடுத்தேன். அவருக்கு அது தெரியாது. தெரியப்படுத்தத்தான் எழுதுகிறேன்.

முப்பத்து மூன்றாம் நாள் கேட்டபோது "அவங்க மீட்டிங்ல இருக்காங்க." நாற்பதாம் நாளும் அதே மீட்டிங். அதற்குப் பிறகு என் நம்பரை யாரும் எடுக்கவில்லை.

இதற்கெல்லாம் முன்பே என்னிடம் ஒரு வேலையும் வாங்கியிருந்தார்கள். மூன்றாம் ரவுண்டுக்கு முன்னால் வந்த செய்முறைத் தேர்வு அது. ஓராண்டு வாடிக்கையாளர் புகார்கள் அடங்கிய ஒரு பெரிய அட்டவணையை அனுப்பி, எந்தப் புகார் எந்தப் பருவத்தில் கூடுகிறது, ஏன் கூடுகிறது, எப்படிக் குறைக்கலாம் என்று அறிக்கை கேட்டார்கள். நான்கு நாள் உட்கார்ந்தேன். இரவு பகல் பார்க்கவில்லை, ஏனென்றால் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அட்டவணையில் ஒரே புகார் இரண்டு முறை பதிவாகியிருந்த இடங்களைக் கண்டுபிடித்து, அதை நீக்கினால் முடிவே மாறுகிறது என்று காட்டினேன். இருபத்து இரண்டு பக்கம். அதைப் பற்றி நான்காவது ரவுண்டில் ஒரு கேள்விகூட வரவில்லை. நன்றாக இல்லை என்றால் எங்கே நன்றாக இல்லை என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். அடுத்த இடத்துக்குப் போகும்போது அதையாவது திருத்திக்கொண்டு போயிருப்பேன்.

காத்திருப்பவளுக்கு நேரம் நிறைய இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். படிக்க வேண்டிய புத்தகங்களைப் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். முதல் புத்தகம் நாற்பதாம் பக்கத்திலேயே நிற்கிறது. ஒரு பத்தியைப் படித்து முடித்தால் கை தானாகப் போனுக்குப் போகிறது, மெயிலைத் திறக்கிறது, ஸ்பேம் பெட்டியையும் ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறது. திரும்பி வரும்போது அந்தப் பத்தி மறந்திருக்கிறது. மூன்று மாதப் பயிற்சி வகுப்பு ஒன்றில் சேரலாம் என்று இரண்டு முறை பணம் கட்டும் பக்கம்வரை போய்த் திரும்பினேன். நடுவில் வேலைக்குக் கூப்பிட்டால் கட்டிய பணம் வீணாகுமே என்ற பயம். தோழி ஊருக்குக் கூப்பிட்டால் "இப்ப இல்லடி, ஒரு பதில் வர வேண்டியிருக்கு" என்கிறேன். இதே வாக்கியத்தை நான் அவளிடம் மூன்று பருவமாகச் சொல்லி வருகிறேன். இப்போது அவள் கூப்பிடுவதில்லை.

இது என் சோம்பேறித்தனமோ என்று பல இரவு யோசித்திருக்கிறேன். அப்படி இல்லை என்று எனக்குச் சொன்னது ஏறக்குறைய 95 ஆண்டுக்கு முந்தைய ஓர் ஆய்வு. வியன்னாவுக்கு அருகில் மரியென்தால் என்றொரு சிற்றூர். அங்கிருந்த நூற்பாலை மூடியதும் ஊரே வேலையிழந்தது. மரீ யாஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அடங்கிய குழு 1931, 1932ஆம் ஆண்டுகளில் அந்த ஊருக்குப் போய்ப் பார்த்தது. யாஹோடாவுக்கு அப்போது கிட்டத்தட்ட என் வயது. நேரம் கிடைத்ததால் மக்கள் அதிகம் படிப்பார்கள் என்றுதானே தோன்றும்? அங்கே நூலகத்தில் இரவல் கட்டணத்தையே எடுத்துவிட்டார்கள். அப்படியும் இரவல் வாங்கிய புத்தகங்கள் 1929க்கும் 1931க்கும் இடையில் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தன. தெருவில் ஆண்கள் நடக்கும் வேகத்தைக்கூட அளந்தார்கள். மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். இன்று என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. நாற்பதாம் பக்கத்தில் நின்றது நான் மட்டும் இல்லை. எப்போது முடியும் என்று தெரிந்த நேரத்தைத்தான் மனிதர்களால் பயன்படுத்த முடிகிறது. வெள்ளிக்கிழமைதான் பதில் என்று தெரிந்தால் வியாழன்வரை நான் படிப்பேன், வகுப்புக்குப் போவேன், தோழியோடு ஊருக்குப் போவேன். நீங்கள் தேதி சொல்லாமல் விடும்போது என்னிடமிருந்து எல்லா நாளையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறீர்கள்.

அப்பா இப்போதெல்லாம் எதுவும் கேட்பதில்லை. கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு எரிச்சலாக இருக்கும், கதவைச் சாத்துவேன். இப்போது அந்தக் கேள்விக்கு ஏங்குகிறேன்.

சில வாரங்களுக்கு முன் ஒரு படிவம் நிரப்ப வேண்டி வந்தது. "தற்போதைய நிலை" என்ற இடத்தில் மாணவர், பணியில் உள்ளவர், வேலையற்றவர் என்று மூன்று கட்டம். எனக்கு எதைக் குறிப்பது என்று தெரியவில்லை. சனிக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகள் இருவருக்கு இரண்டு மணி நேரம் கணக்குச் சொல்லித் தருகிறேன், அதற்குக் கொஞ்சம் பணம் வருகிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி, கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கு வேலை செய்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர். உலகில் 2023இல் 15 முதல் 24 வயதுக்குள் வேலையற்றவர்கள் 6 கோடியே 49 லட்சம் பேர், அதாவது 13 சதவீதம் என்று அதே அமைப்பு சொல்கிறது. பதினைந்து ஆண்டுகளில் இதுதான் மிகக் குறைவு என்றும் சொல்கிறது. எனக்கு இப்போது 25. அந்தக் கணக்கில் என் வயதும் அடங்காது, என் சனிக்கிழமையும் என்னை உள்ளே விடாது. நான் எந்தக் கட்டத்திலும் இல்லை. கடைசியில் அந்தப் படிவத்தில் "பணியில் உள்ளவர்" என்று குறித்தேன். கை கூசியது.

இந்தத் தெரியாத நிலைக்கும் உங்களுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. உங்கள் மேசையில் இந்தக் காலம் "கேப்" என்ற பெயரில் திரும்பி வருகிறது. போன மாதம் ஓர் இன்டர்வியூவில் ரெஸ்யூமைப் புரட்டிக்கொண்டே ஒருவர் கேட்டார்: "இந்தப் பதினாலு மாசம் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" உங்களைப் போன்ற பன்னிரண்டு பேரின் பதிலுக்குக் காத்திருந்தேன் என்பதுதான் உண்மை. அதைச் சொல்லவில்லை. "திறனை வளர்த்துக்கொண்டேன்" என்று எல்லோரும் சொல்லும் பொய்யைச் சொன்னேன்.

இந்த இடைவெளி எவ்வளவு பாதிக்கும் என்பதையும் அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கோரி க்ராஃப்ட் உள்ளிட்ட மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் சுமார் 12,000 கற்பனை ரெஸ்யூம்களை உண்மையான விளம்பரங்களுக்கு அனுப்பிப் பார்த்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். வேலையில்லாமல் இருந்த மாதங்கள் கூடக் கூட இன்டர்வியூ அழைப்பு குறைந்தது. அந்தச் சரிவில் பெரும்பகுதி முதல் எட்டு மாதங்களுக்குள்ளேயே நடந்துவிடுகிறது. அப்படியானால் எங்களுக்கு இருக்கும் நல்ல காலமே அந்த எட்டு மாதம்தான். அதில் 53 நாளை ஒருவர் பேசாமலேயே எடுத்துக்கொள்கிறார், இன்னொருவர் நாற்பது நாள். பிறகு உங்களில் யாரோ ஒருவர், இவ்வளவு நாள் ஏன் யாரும் எடுக்கவில்லை, ஏதோ குறை இருக்கிறது என்று முடிவு கட்டுகிறார். அந்தக் குறையை உண்டாக்கியதில் உங்கள் பங்கும் இருக்கிறது. நான் கேட்பது கருணை என்று நினைக்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. என் பெரியம்மா மகள் ஒரு நிறுவனத்தில் எச்.ஆர். வேலையில் இருக்கிறார். இந்தக் கடிதத்தை எழுதும் முன் அக்காவிடம் பேசினேன். முதலில் கோபப்பட்டார். "நாங்க வேணும்னா செய்யறோம்? மேல இருந்து முடிவு வரல. வராத முடிவை நான் என்னன்னு சொல்றது?" என்றார். பிறகு மெதுவாக மீதியையும் சொன்னார். முதலில் தேர்வானவர் பழைய இடத்தில் நோட்டீஸ் பீரியட் முடித்து வர இரண்டு மூன்று மாதம் ஆகும். வருவேன் என்று ஒப்புக்கொண்டவர் கடைசி நாளில் வராமல் போவதும் உண்டு. அதனால் இரண்டாமவருக்கு "இல்லை" என்று சொல்லாமல் கையில் வைத்துக்கொள்வார்களாம். முதலாமவர் சேர்ந்துவிட்டால் அதற்குப் பிறகு சொல்ல வெட்கமாக இருக்கும், அப்படியே விட்டுவிடுவார்களாம். சில சமயம் அந்த இடத்துக்கான அனுமதியே பாதியில் நின்றுபோகும், அதை வெளியே சொல்லக் கூடாது என்று உத்தரவு இருக்கும்.

"நானும் அப்படி விட்டிருக்கேன்டி" என்றார் அக்கா. "எத்தனை பேர்னு எண்ணினதில்ல."

எண்ணிப் பாருங்கள் என்றுதான் உங்கள் எல்லோரையும் கேட்கிறேன். என்னைப் போல் ஒரு நோட்டுப் போடுங்கள்.

அக்கா சொன்னதைக் கேட்டபின் என் கோபம் குறைந்தது உண்மை. ஆனால் நியாயம் குறையவில்லை. இரண்டாம் இடத்தில் ஒருவரை வைத்திருப்பது தவறில்லை. அதை அவரிடம் சொல்லாமல் வைத்திருப்பதுதான் தவறு. "வேறொருவருக்கு ஆஃபர் கொடுத்திருக்கிறோம், அவர் வராவிட்டால் நீங்கள், இந்தத் தேதிக்குள் தெரியும்" என்று சொல்லியிருந்தால் நான் அந்த ஒப்பந்த வேலையில் சேர்ந்திருப்பேன். உங்களுக்கும் எந்த நட்டமும் வந்திருக்காது. முடிவு வரவில்லை என்பதும் ஒரு செய்திதான். அதையே சொல்லலாம்.

இயந்திரத்தைப் பற்றியும் கொஞ்சம். ஓர் இடத்துக்கு இரவு பதினொன்றே முக்காலுக்கு விண்ணப்பித்தேன். பன்னிரண்டு அடிக்கும் முன் "தங்கள் விண்ணப்பத்தைக் கவனமாகப் பரிசீலித்தோம், வருந்துகிறோம்" என்று வந்துவிட்டது. அந்த நேரத்தில் யாரும் படித்திருக்க முடியாது, ஏதோ மென்பொருள் சலித்துத் தள்ளியிருக்கிறது. எதனால் தள்ளியது என்று எனக்குத் தெரியாது, அந்த நிறுவனத்துக்கும் தெரியுமா என்று சந்தேகம். அமேசான் நிறுவனம் ரெஸ்யூம்களைத் தரம் பிரிக்க ஒரு கருவியை உருவாக்கி, அது பெண்களின் விண்ணப்பங்களைக் கீழே தள்ளுவதைக் கண்டு கைவிட்டது 2018இல் செய்தியானது. பத்தாண்டு பழைய ரெஸ்யூம்களைப் பார்த்து அது கற்றுக்கொண்டிருந்தது, அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. நான் பெண். எனக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பன்னிரண்டு மனிதர்களின் மௌனத்தைவிட, கால் மணி நேரத்தில் வந்த அந்த இயந்திரத்தின் மறுப்பு எனக்கு மேலாக இருந்தது. கடைசிப் பத்தியில் "இல்லை" என்று எழுதிவிட்டுத் தூங்கப் போனேன். தூக்கமும் வந்தது.

பெண் என்பதால் கேட்கப்படும் மற்ற கேள்விகளை இங்கே விரிக்கவில்லை. கல்யாணம் எப்போது, கல்யாணமானால் வேலையை விடுவீர்களா என்று மூன்று இடங்களில் கேட்டார்கள். வேலைக்குச் சேர்க்கும்போது பால் வேற்றுமை காட்டக் கூடாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை போட்டது 1958இல். என் அம்மாவே அப்போது பிறக்கவில்லை.

நான் கேட்கப் போவது நடக்காத காரியம் என்று தோன்றினால், நடக்கும் இடத்தைக் காட்டுகிறேன். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2026 ஜனவரி 1 முதல், 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்கள், பொது விளம்பரம் கொடுத்து இன்டர்வியூவுக்கு அழைத்தவரிடம், அந்த வேலைக்கான முடிவு எடுத்தாயிற்றா என்பதைக் கடைசி இன்டர்வியூவிலிருந்து 45 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். விளம்பரத்தில் உண்மையிலேயே காலியிடம் இருக்கிறதா, விண்ணப்பங்களைச் சலிக்கச் செயற்கை நுண்ணறிவு பயன்படுகிறதா என்பதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த விதி, விண்ணப்பிப்பவரிடம் பழைய சம்பளத்தைக் கேட்பதையே தடுக்கிறது. நியூயார்க் நகரில் இப்படிச் சலிக்கும் கருவிகள் பாகுபாடு காட்டுகின்றனவா என்று தணிக்கை செய்த பிறகுதான் பயன்படுத்தலாம், அந்தச் சட்டம் 2023 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. அங்கே ஆள் எடுப்பவர்களுக்கும் முந்நூறு விண்ணப்பம் வரத்தான் செய்யும். அவர்களுக்கும் மேலே ஒருவர் இருக்கத்தான் செய்வார்.

சட்டம் வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. காத்திருப்பதில் என்ன சுகம் இருக்கிறது என்பதை மேலே எழுதிவிட்டேன். இவற்றைச் செய்யுங்கள் என்று கேட்கிறேன்.

இன்டர்வியூ முடிந்து எழும்போதே ஒரு தேதியைச் சொல்லுங்கள். "சீக்கிரம்" வேண்டாம், "அடுத்த வாரம்" வேண்டாம், நாட்காட்டியில் இருக்கும் ஒரு தேதி. அந்தத் தேதியில் முடிவு வந்திருக்காவிட்டால் "இன்னும் வரவில்லை, அடுத்த தேதி இது" என்று எழுதுங்கள். உங்களிடம் நேரில் அமர்ந்து பேசிய ஒவ்வொருவருக்கும், எவ்வளவு தாமதமானாலும், முடிவைத் தெரிவியுங்கள். விண்ணப்பம் மட்டும் போட்டவர்களுக்கு மொத்தமாக ஒரே மெயில் போதும், நாங்கள் குறை சொல்ல மாட்டோம். அந்த இடம் நிரம்பியதும் விளம்பரத்தை இறக்கிவிடுங்கள்.

"கிட்டத்தட்ட கன்ஃபார்ம்" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். கையெழுத்தான ஆஃபர் லெட்டர் ஒன்றுதான் கன்ஃபார்ம். அதுவரை "வேறு வாய்ப்பு வந்தால் சேர்ந்துகொள்ளுங்கள்" என்று சொல்லும் நேர்மை உங்களிடம் இருக்க வேண்டும். இரண்டாம் இடத்தில் வைத்திருந்தால் அதை அவரிடமே சொல்லுங்கள்.

செய்முறைத் தேர்வு வைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிவதாக வையுங்கள். அதற்கு மேல் போனால் அது வேலை, கூலி கொடுங்கள். கொடுக்க முடியாவிட்டால் செய்து கொடுத்ததைப் படித்துவிட்டு இரண்டு வரி கருத்தாவது எழுதுங்கள். எங்களுக்கு அந்த இரண்டு வரி பெரிது.

புதியவர்களுக்கான வேலை என்றால் புதியவர்களை எடுங்கள். அனுபவம் வேண்டுமென்றால் முதலிலேயே எழுதுங்கள், நான்கு ரவுண்டு முடிந்தபிறகு விளம்பரத்தைத் திருத்தாதீர்கள். மென்பொருள்தான் முதலில் சலிக்கிறது என்றால் அதையும் விளம்பரத்திலேயே சொல்லிவிடுங்கள். ரெஸ்யூமில் இடைவெளி தெரிந்தால் அதைக் குற்றம்போல் விசாரிக்காமல், உங்கள் நிறுவனத்தில் எத்தனை பேரின் கடைசிக் கட்டம் காலியாகக் கிடக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

உங்களுக்கு மேலே இருப்பவர்களுக்கும் ஒன்று. முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று உத்தரவு போடுவது நீங்கள், பழி ஏற்பது போனை எடுக்கும் என் அக்கா போன்றவர்கள். அந்த இடமே நிறுத்தப்பட்டது என்றால் அதை விண்ணப்பித்தவர்களிடம் சொல்ல அவர்களுக்கு அனுமதி கொடுங்கள்.

கடைசியாக, என் நோட்டின் அந்தப் பன்னிரண்டு பேருக்கு. நான் அனுப்பிய மெயில்கள் இன்னும் உங்கள் பெட்டியில் இருக்கும். நாள் கடந்துவிட்டதே, இனி என்ன எழுதுவது என்று தயங்காதீர்கள். "இல்லை" என்று ஒரு சொல் அனுப்புங்கள். கட்டங்களை நான் அடிக்காமல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
212ஆவது விண்ணப்பத்துக்குப் பதில் எதிர்பார்த்திருக்கும் ஒருத்தி